சத்தம் போடாத உயிர்: அடுக்குமாடி வீட்டில் ஆமையோடு பதினொரு வாரங்கள்

2024ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி, அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மதியத்தில், சென்னையிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த என் மகள் வயிற்றுப் பேரன் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தபடி காரிலிருந்து இறங்கினான். பிறந்த நாளுக்கு நான் அனுப்பியிருந்த 3,000 ரூபாயைக் கொடுத்து, வரும் வழியில் ஓர் ஊரிலிருந்த வண்ணமீன் கடையில் அவன் ஓர் ஆமைக்குஞ்சை வாங்கி வந்திருந்தான். பெட்டியைத் திறந்தபோது, கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்த, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுள்ள ஒரு சின்னஞ்சிறு உயிர், கிழித்துப் போட்ட செய்தித்தாளுக்கு நடுவே தலையை இழுத்துக்கொண்டு கிடந்தது. வெள்ளைப் பணியாரம் மாதிரி உருண்டையாக இருப்பதாகச் சொல்லி அதற்குப் பணியாரம் என்றே பெயர் வைத்தான். இரண்டு வாரம் கழித்துப் பள்ளி திறக்கும் நேரத்தில் அவன் ஊருக்குப் போய்விட்டான். ஆமை என்னிடம் தங்கிவிட்டது. அடுத்து நடந்தவற்றை முன்கூட்டியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பன்னிரண்டு புள்ளிக்கு, அதாவது பன்னிரண்டு குடும்பங்களுக்கு, பொதுவான கானாடுகாத்தான் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் காலமான பிறகு, காரைக்குடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில் தனியாக இருக்கிறேன். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீட்டில், காலையில் எழுந்ததும் கீரை நறுக்கிப் போட ஓர் உயிர் இருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாய் என்றால் குரைக்கும், பூனை என்றால் பக்கத்து வீட்டுக்குப் போகும், ஆமையால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை, அடுக்குமாடி வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உயிர் கிடையாது என்று கடைக்காரர் மாப்பிள்ளையிடம் சொன்னாராம். நானும் அதை நம்பினேன். விற்றதற்குப் பில் கேட்டதற்கு, இதற்கெல்லாம் பில் கிடையாது என்று சொன்னதும், கடையின் முன்பக்கத்தில் வைக்காமல் உள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுத்ததும் எங்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. ஓர் உயிரை விற்பவர் ரசீது தர மறுத்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும் என்பதை நான் 13,650 ரூபாய் செலவழித்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

முதல் வாரத்திலேயே என் வீட்டில் வேலை செய்யும் பெண் வாசற்படியில் நின்றுவிட்டாள். “ஆச்சி, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காதுன்னு சொல்வாங்க. இது வெளியே போனால்தான் நான் உள்ளே வருவேன்” என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை, அவள் கேட்டு வளர்ந்தது அது. ஆனால் அந்தப் பழமொழி எனக்குள் ஒரு வீம்பைக் கிளப்பிவிட்டது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான் இதற்கெல்லாம் பயந்து ஓர் உயிரை வெளியே போடுவதா என்று நினைத்தேன். அவள் மூன்று வாரம் வேலைக்கு வரவில்லை என்பது சிறிய நட்டம். பெரிய நட்டம், அக்கம்பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் இதையே சொல்வார்கள் என்று ஆமை இருப்பதையே நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதுதான். விவரம் தெரிந்த ஒருவரிடம் முதல் வாரமே வாய்விட்டுக் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

என் வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வீட்டின் நினைவாக, கூடுதல் செலவு செய்து இந்த வீட்டுக் கூடம் முழுவதும் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறேன். கண்ணாடித் தட்டின் மேல் கையாலேயே சாயக் கலவையை ஊற்றிச் செய்யும் கல் என்பதால் அதன் முகம் கண்ணாடியைப் போலவே வழுவழுப்பாக இருக்கும். அதன் குளிர்ச்சியும் பளபளப்பும் மனிதப் பாதத்துக்குச் சுகம். ஆமையை அதன் மேல் விட்டபோது, முன்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கி விரிய, வயிற்று ஓடு தரையில் படிந்து, நகங்கள் மட்டும் கறகறவென்று கீறிக்கொண்டிருந்தன. நீந்துவதைப் போல இருக்கிறது என்று பேரன் கைதட்டினான், நானும் சிரித்தேன். வளரும் குஞ்சுக்கு நாள்தோறும் இப்படிக் கால் வழுக்கினால் மூட்டுகள் விரிந்தே நின்றுவிடும் என்றும், நிலத்து ஆமைக்கு நகம் ஊன்றிக்கொள்ள மண்ணோ கரடான பரப்போ வேண்டும் என்றும் பின்னர் மருத்துவர் சொன்னபோது அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் குத்தியது. அடுக்குமாடி வீடுகளின் தரை எதுவானாலும், அது ஆத்தங்குடிக் கல்லோ டைல்ஸோ கிரானைட்டோ, ஆமை நடப்பதற்காகப் போட்டது அல்ல.

இரவில் அதைப் பேரன் தன்னோடு ஏசி அறையிலேயே வைத்துக்கொண்டான். பகலில் நாற்பது டிகிரியை நெருங்கும் ஊரில் அது இதமாகத்தான் இருக்கும் என்று நானும் எண்ணினேன். ஆமையின் உடம்பு தானாக வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றியுள்ள வெப்பமே அதன் வெப்பம். குளிரில் இருந்தால் தின்றது செரிக்காது, சளி பிடிக்கும். ஜூன் முதல் வாரத்தில் அதன் மூக்குத் துவாரத்தில் குண்டூசித் தலை அளவில் ஒரு நீர்க்குமிழி தோன்றி உடைவதைப் பார்த்தேன். தண்ணீர் குடித்த ஈரம் என்று துடைத்துவிட்டேன். அது நோயின் முதல் அறிகுறி.

உணவிலும் நான் செய்தது அத்தனையும் தவறு. வெள்ளரிக்காய், தக்காளி, முட்டைக்கோஸ், ஆசையாகத் தின்கிறதே என்று சோறு, ஒரு நாள் பாலில் நனைத்த பிஸ்கட் துண்டு கூடக் கொடுத்தேன். இந்த ஆமை காய்ந்த புதர்க்காட்டில் புல்லையும் இலையையும் பூவையும் மேய்ந்து வாழ்வது. அதற்கு வேண்டியது நாரும் சுண்ணாம்புச் சத்தும். வெள்ளரியில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை, சோறும் பிஸ்கட்டும் அதன் குடலுக்கு ஆகவே ஆகாது. அருகம்புல்லும் செம்பருத்தி இலையும் பூவும் எங்கள் குடியிருப்பின் மதிலோரத்திலேயே இருந்தன. ஆனால் அந்த மதிலோரத்தில் மாதம் ஒரு முறை களைக்கொல்லி தெளிக்கிறார்கள் என்பதைக் காவலாளி சொல்லித்தான் அறிந்தேன். கீழே இருந்து பறித்து வந்து போடுவோர் இதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி வெயிலைப் பற்றி. வளவு முற்றத்தில், அதாவது வீட்டின் நடுவே கூரையில்லாத முற்றத்தில், வானம் நேராக இறங்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு, வெயில் என்பது தேடிப் போய் வாங்க வேண்டிய பொருள் என்று தோன்றியதே இல்லை. ஆமையின் தோலில் நேர் வெயில் பட்டு, அதிலுள்ள புற ஊதாக் கதிரில் ‘பி’ வகை என்கிறார்களே அது சேர்ந்தால்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி உண்டாகி, தின்ற சுண்ணாம்புச் சத்து ஓட்டிலும் எலும்பிலும் சேரும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறத்தாழ முழுவதுமாகத் தடுத்துவிடும். 1,900 ரூபாய்க்குக் கண்ணாடித் தொட்டி வாங்கி, அதைச் சன்னலோரத்தில் வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து வைத்து, நன்றாக வெயில் காய்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தது வெறும் வெளிச்சத்தையும் சூட்டையும் மட்டுமே. பிறகு இணையத்தில் 1,450 ரூபாய்க்கு ஒரு விளக்கு வாங்கினேன், அது சூடு மட்டும் தருவது என்று பின்னால் தெரிந்தது. மறுபடியும் 2,600 ரூபாய்க்கு வேறொன்று வாங்கினேன். அந்த வகை விளக்குகள் கண்ணுக்கு எரிவதுபோலவே தெரிந்தாலும் சில மாதங்களில் அந்தக் கதிரின் வலிமை குறைந்துபோகும் என்பதால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

விளக்கு வேண்டாம், நேர் வெயிலே காட்டுவோம் என்று மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் உண்டு. எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. அங்கே காலையில் அரை மணி நேரம் சாய்வெயில் விழும், அதற்குள் காகம் வந்து கம்பியில் உட்கார்ந்துவிடும். ஒரு நாள் நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் காகம் அதன் ஓட்டைக் கொத்தி மல்லாக்கப் புரட்டிவிட்டிருந்தது. மல்லாந்து கிடக்கும் ஆமையின் நான்கு கால்களும் காற்றில் துழாவுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பதைப்பு புரியும். மொட்டை மாடியில் காகத்தோடு சூடும் சேர்ந்துகொண்டது. ஒதுங்க நிழல் இல்லாத சிமெண்ட் தளத்தில் சின்னக் குஞ்சு சில நிமிடங்களிலேயே சூடேறிச் செத்துப்போகக் கூடும். பாதி நிழல், பாதி வெயில் என்று அதுவே நகர்ந்து தேர்ந்துகொள்ளும்படி இடம் இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத நாட்களில் மின்தூக்கி ஓடாது. முழங்கால் வலியோடு இரண்டு வேளை மாடியேறி, குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20ஆம் தேதி அது காணாமல் போனது. தொட்டியைக் கழுவுவதற்காகத் தரையில் விட்டிருந்தேன். தொலைபேசி மணி அடித்தது, மகள் பேசினாள், பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். ஆமை மெதுவாக நடக்கும் என்பதெல்லாம் கதையில்தான். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பால்கனிக் கம்பிக்குக் கீழுள்ள இடைவெளியில் என்று தேடி, கீழே விழுந்திருக்குமோ என்று கீழ்த்தளம் வரை போய்க் குனிந்து பார்த்து, இரவு முழுவதும் தூங்கவில்லை. கூப்பிட்டால் குரல் கொடுக்காது, பசித்தாலும் கத்தாது. மறுநாள் மாலை துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்புறம், குழாய் போகும் ஈரச் சந்தில் தூசும் தலைமுடியும் சுற்றிக்கொண்டு கிடந்ததைக் கைவிளக்கு அடித்துக் கண்டுபிடித்தேன். பால்கனிக் கம்பியின் அடி இடைவெளியைப் பலகை வைத்து அடைப்பது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

ஏதோ சரியில்லை என்று எனக்கு உணர்த்தியது பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் என் அடுப்படித் தராசுதான். ஜூன் தொடக்கத்தில் பேரன் கேட்டானே என்று விளையாட்டாக நிறுத்துக் காலண்டரில் எழுதி வைத்தேன்: 86 கிராம். காணாமல் போய்க் கிடைத்த பிறகு நிறுத்தபோது 81. அடுத்த வாரம் 76. ஜூலை நடுவில் 71. பார்வைக்கு அது அப்படியேதான் இருந்தது. ஓடு சுருங்காது, முகம் வாடாது. உள்ளே தேய்ந்துகொண்டிருந்தது. அன்று அதைக் கையில் எடுத்து வயிற்று ஓட்டை விரல் நுனியால் மெல்ல அழுத்தினேன். நனைந்த அட்டையைப் போல அது உள்ளே அமுங்கியது. ஓடு அமுங்கக் கூடாது என்பது கூடவா எனக்குத் தெரியாமல் போயிற்று என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆமை வைத்திருப்பவர்கள், எந்த வகை ஆமையாக இருந்தாலும், வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். சத்தம் போடாத உயிருக்குத் தராசு முள்தான் வாய். அதற்கென்று தனித் தராசு வையுங்கள், அடுப்படித் தராசை நான் பயன்படுத்தியது இன்னொரு தவறு. ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக் கூடும், ஆமைக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மனிதருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்கும் குறைவான ஓடு கொண்ட ஆமைகளைச் செல்லமாக வளர்க்க விற்பதை 1975ஆம் ஆண்டிலேயே தடை செய்தது இதனால்தான். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடக் கூடாது, அதன் தட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவவே கூடாது.

உள்ளூரில் ஆடு மாடுகளுக்கு அருமையாக வைத்தியம் பார்க்கும் மருத்துவர், ஆமைக்குத் தாம் வைத்தியம் செய்ததில்லை என்று ஒளிக்காமல் சொல்லி, மதுரையில் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். வாடகைக் காருக்கு 3,800 ரூபாய், மருத்துவருக்கும் மருந்துக்கும் 900 ரூபாய். அவர் அதைக் கையில் வாங்கிய உடனே என்னை நிமிர்ந்து பார்த்து, “அம்மா, இது நட்சத்திர ஆமை. இதை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். எனக்குக் கால் நடுங்கியது. அவசரத்துக்குச் சுண்ணாம்புச் சத்து மருந்தும் சளிக்கு ஊசியும் போட்டவர், தாமதிக்காமல் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடச் சொன்னார்.

அவர் விளக்கியதையும், பின்னர் நான் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன். நட்சத்திர ஆமை நம் நாட்டுக் காட்டுயிர். தமிழ்நாடு உட்படத் தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகளிலும், குஜராத், ராஜஸ்தான் பக்கங்களிலும், இலங்கையிலும் வாழ்வது. அந்த ஓட்டின் அழகுக்காகவே அதைக் காட்டிலிருந்து பிடித்து நாடு கடத்துகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு நான்காம் அட்டவணையில் இருந்த இது, 2022இல் வந்த திருத்தத்தின்படி முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் அட்டவணை உயிர் தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையும் 2019இலிருந்து இதைத் தன் முதல் இணைப்பில் சேர்த்து, நாடு விட்டு நாடு விற்பதைத் தடுத்திருக்கிறது. என் பேரன் ஆசையாகக் கொடுத்த 3,000 ரூபாய், எங்கோ ஒரு புதர்க்காட்டிலிருந்து அடுத்த குஞ்சைப் பிடித்து வருவதற்கான கூலியாகப் போயிருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு வருடம் தவறாமல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு நண்பர்கள் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். வம்பு எதற்கு, இருட்டியதும் ஊருணியில் விட்டுவிடுங்கள் ஆச்சி என்றார் ஒருவர். இது நிலத்தில் வாழும் ஆமை. இதற்கு நீந்தத் தெரியாது, படிக்கட்டு இறங்கும் ஊருணியில் விட்டால் மூழ்கிச் சாகும். கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்பதும் அப்படித்தான். பொட்டலில் விட்டுவிடலாம் என்றார் மற்றொருவர். நோயோடு இருப்பதை அங்கே விட்டால் அது பிழைக்காது, அங்கே வாழும் ஆமைகளுக்கும் நோயைக் கொடுத்துவிடும். வண்ணமீன் கடைகளில் வெளிப்படையாகவே விற்கும், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட நீர் ஆமைகளை வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கப் பக்கத்து ஆமை அது. காசளவில் வாங்கும் குஞ்சு, சில ஆண்டுகளில் தோசைக்கல் அளவுக்கு வளர்ந்து, தொட்டி நாறி, வைத்திருக்க முடியாமல் பலரும் ஊருணியில் கொண்டு போய்க் கொட்டுகிறார்கள். குடிதண்ணீருக்காக நம் முன்னோர் கால் நனைக்காமல் காத்த ஊருணியில் அது நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதை விடுவதற்கு ஊருணி இடமே அல்ல.

ஜூலை 30ஆம் தேதி காலை, மூடி போட்ட ஓர் ஓலைக் கொட்டானில் பழைய பருத்தித் துணியை விரித்து அதை வைத்தேன். கொட்டான் பின்னலின் இடுக்கில் காற்று போகும், உள்ளே இருட்டாக இருப்பதால் மிரளாது. எந்தத் தேதியில், எப்படி வந்தது, என்ன உணவு, என்ன மருந்து, வாரவாரம் என்ன எடை என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, மருத்துவச் சீட்டின் நகலை இணைத்து, அதைப் போலவே இன்னொரு படி எனக்கென்று வைத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் கால் மணி நேரம் நின்றேன், உள்ளே போகத் துணிவு வரவில்லை. உள்ளே இருந்தவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கடை எங்கே, எப்போது, யார் வாங்கியது என்று கேட்டு வாக்குமூலம் எழுதி வாங்கினார். நான் எதையும் மறைக்கவில்லை. தானாகக் கொண்டு வந்ததையும் உயிரோடு கொண்டு வந்ததையும் குறித்துக்கொண்டு, இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார். எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஒளித்து வைத்துப் பிடிபடுவதற்கும் நாமே கொண்டு போய்க் கொடுப்பதற்கும் நிச்சயம் வேறுபாடு உண்டு. தயங்குபவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளலாம், அதற்காக ஆமையின் நாட்களை வீணாக்க வேண்டாம். ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் வராதீர்கள்.

பேரனிடம் உண்மையைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. கொஞ்ச நேரம் தொலைபேசியில் சத்தமே இல்லை. பிறகு, “ஆயா, அது அங்கே மண்ணில் நடக்குமா?” என்று கேட்டான். நடக்கும் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் எடை எவ்வளவு என்று கேட்பதும், எனக்குத் தெரியாது என்று நான் சொல்வதுமாகப் போனது. அக்டோபரில், நல்ல மழை பெய்த ஒரு வாரத்தில், மனம் கேட்காமல் அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். அதை மீட்பு மையத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி, அங்கே தொலைபேசியில் விசாரித்துச் சொன்னார்கள். மூக்கில் நீர் வடிவது நின்றுவிட்டதாம், புல் மேய்கிறதாம், 92 கிராமாம். காலண்டரில் 71க்குக் கீழே அதை எழுதிவிட்டு, பேரனைக் கூப்பிட்டேன்.